இந்தப் படத்தில் துரை சாவதில்லை

டிவியில் அந்தப் படம் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கம்மாள் வீட்டில் இருக்க மாட்டாள். புருஷனுக்கு மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு, புல்லறுக்கும் அரிவாளை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விடுவாள். அறுத்த புல்லைத் தின்ன வீட்டில் மாடு இருக்கிறதா என்பது வேறு விஷயம். மாட்டை விற்றுப் பல வருஷம் ஆகிறது. தெருவில் இருந்தால் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும், அதுதான் காரணம். வீட்டுக்கு வீடு அதே சேனலை வைத்திருப்பார்கள். 'துரை, ஏ துரை' என்று அந்த நடிகை தொண்டை கிழியக் கூப்பிடுவது தெரு முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பும். ஊரே சேர்ந்து தன் மகனை மறுபடியும் சாகடிக்கிறது என்று தங்கம்மாளுக்குத் தோன்றும்.

வைரக்கண்ணு எங்கேயும் போக மாட்டார். வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சினிமா மேல் கோபம். சினிமாவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க முடியாது என்பதால் வெற்றிலையைப் போட்டு மென்று தீர்ப்பார். படம் முடிந்து விளம்பரச் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துவிடுவார். அது பெண்டாட்டிக்கு அடையாளம். வயல் மேட்டில் நின்று பார்த்தால் வீட்டு வாசல் தெரியும்.

அவர்கள் மகன் அண்ணாதுரை செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அவர்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற ஆறு, ஒரு கார்த்திகை மழையில் கரையை உடைத்துக்கொண்டது. சம்பாப் பயிர் கதிர் வெளியே வருமுன் பொதி கட்டி நிற்கிற நேரம். பட்டப்பகலில் ஊரே ஓடி, மூங்கில் கழி அடித்து, வைக்கோலும் தென்னை மட்டையும் போட்டு, மணல் மூட்டையை அடுக்கி உடைப்பை அடைத்துக்கொண்டிருந்தது. கழியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றவன் துரை. இன்னும் ஒரு மூட்டை இடம்தான் பாக்கி. வேறு ஆள் இறங்கட்டும், நீ மேலே வா என்று கரையிலிருந்து வைரக்கண்ணு கத்தினார். "இத வெச்சிட்டு வாரேம்பா" என்றான். வைத்தான். உடைப்பு அடைபட்டது. அந்தக் கணத்தில் அவன் காலடி மண் சரிந்து, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில்தான் கிடைத்தான். அந்த வருஷம் ஊர் முழுக்க நெல் விளைந்தது. அந்த நெல்லைச் சோறாக்க மாட்டேன் என்று தங்கம்மாள் ரேஷன் அரிசி வாங்கிச் சமைத்தாள்.

அடுத்த வருஷமே படம் எடுக்க வந்துவிட்டார்கள். பேப்பரில் வந்த சின்னச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு டைரக்டர் வந்தார். நல்ல மனுஷர், அதைச் சொல்ல வேண்டும். இவர்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இவர்கள் வீட்டுப் பாயில் படுத்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அம்மாவாக நடிக்க வந்த பெண் தங்கம்மாளின் பின்னாலேயே திரிந்தாள். எப்படிப் புடவையைச் சொருகுகிறாள், எப்படி அடுப்பை ஊதுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், மகன் உடம்பைப் பார்த்ததும் எப்படி அழுதீங்க என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் அழுவலயேம்மா, எனக்கு நெனவே இல்ல என்று தங்கம்மாள் சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பெண்டுகள் அவளைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். மகனைக் கடைசியாக ஒரு தரம் அவள் தொடக்கூட இல்லை.

படத்தில் தொட்டாள். மடியில் போட்டுக்கொண்டு, ஈரத் தலையைத் துடைத்துவிட்டு, அந்த நடிகை அழுத அழுகைக்கு நாடே அழுதது. விருதெல்லாம் வந்தது. அப்படியே தத்ரூபம் என்று எழுதினார்கள். வைரக்கண்ணுவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் எரிச்சல் வரும். உடைப்பில் மணல் மூட்டையை எவனாவது தலையில் வைத்துக்கொண்டு இறங்குவானா? படத்தில் இறங்குகிறான். அது போகட்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவன் எல்லாம் பார்த்தான் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அந்தப் படத்தை மறுபடியும் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி போன சித்திரையில் வந்தது. ஒரத்தநாட்டில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கிற மகள் இசைவாணிதான் முதலில் போனில் சொன்னாள். ரீமேக்காம். இன்னொரு தரமா என்று கேட்டுவிட்டு வைரக்கண்ணு போனைக் கட்டிலில் போட்டார். ஒரே பிள்ளையை எத்தனை தரம்தான் கொல்லுவார்கள்.

வந்தவன் வளவன் என்கிற சின்ன வயசுப் பையன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத கோடையில் வெள்ளம் எடுக்க வந்திருந்தார்கள். காய்ந்த ஆற்றுக்குள் குளம் மாதிரி வெட்டி, போர்செட்டிலிருந்து குழாய் போட்டு நிரப்பி, லாரியில் மழை கொண்டுவந்து பெய்ய வைத்தார்கள். தலைக்கு மேலே ஒரு சின்ன ஹெலிகாப்டர் பறந்து பறந்து படம் பிடித்தது. வெள்ளம் வந்தபோது ஒரு மூட்டை கொண்டுவர லாரி கிடைக்கவில்லை, இப்போது மழையே லாரியில் வருகிறது என்று வைரக்கண்ணு யாரிடமோ சொல்லிவிட்டு வேலியோரமாகவே நின்றார். கிட்டே போகவில்லை.

வளவன்தான் வீடு தேடி வந்தான். தங்கம்மாள் கொடுத்த மோரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சின்ன வயசில் அந்தப் படம் டிவியில் ஓடுகிறபோதெல்லாம், இந்தத் தடவையாவது துரை மேலே ஏறிவிட மாட்டானா என்று பார்ப்பானாம். ஏற மாட்டான் என்று தெரிந்தும் பார்ப்பானாம். அம்மா அடிக்கிற வரைக்கும் அழுவானாம். சொல்லிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, இந்தப் படத்துல துரை சாவ மாட்டாரும்மா. கரையேறி வீட்டுக்கு வந்துருவாரு. அதுக்காகத்தான் நான் இத எடுக்கறேன்."

தங்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா தம்பி?"

நிஜம்தான். அவன் மனசில் கள்ளம் இல்லை. தயாரிப்பாளருக்கும் அது சம்மதமாக இருந்தது, அவர் கணக்கு வேறு. கதாநாயகன் உயிரோடு இருந்தால்தானே இரண்டாம் பாகம் எடுக்க முடியும்? ஆக, ஒருத்தனுக்கு அழுகையும் இன்னொருத்தனுக்கு வியாபாரமுமாகச் சேர்ந்து துரையைப் பிழைக்க வைத்தார்கள். எப்படியோ பிழைத்தால் சரி என்று தங்கம்மாள் இருந்தாள்.

அன்றையிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். அதை வைரக்கண்ணு கண்ணால் பார்த்தார். அதுவரை வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராதவள், படப்பிடிப்பு ஆட்களுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். துரையாக நடிக்கிற பையன் ஜிம்மில் வளர்த்த உடம்போடு வந்து நின்றான். எம் புள்ள இவன்ல பாதிதான் இருப்பான் என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து வைரக்கண்ணு பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவருக்கே தெரியாமல் அவரும் வேலியோரத்திலிருந்து நகர்ந்து வந்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள் என்று சொல்லிக் கொடுத்தார்.

மகளிடம் தங்கம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புதுப்படம் வந்துவிட்டால் பழைய படத்தை டிவியில் போடுவார்களா? இசைவாணி கெட்டிக்காரி, அம்மா எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டாள். புதுசு இருக்கும்போது பழசை எதுக்கும்மா போடப் போறாங்க என்று சொல்லிவைத்தாள். இனி ஞாயிற்றுக்கிழமை தெருவில் இருந்தால் துரை வீட்டுக்கு வருகிற சத்தம் கேட்கும். அவ்வளவுதான் தங்கம்மாள் வேண்டியது. அதற்கு மேல் அவள் சாமியிடம்கூட எதையும் கேட்டதில்லை.

கார்த்திகையில் துரையின் திதி வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குத் தங்கம்மாள் கெளுத்தி மீன் குழம்பும், முட்டை அவியலும், அதிரசமும் செய்து, நடுவீட்டில் தலைவாழை இலை போட்டுப் படைப்பாள். புதுக் கைலி ஒன்று வாங்கி இலைக்குப் பக்கத்தில் மடித்து வைப்பாள். துரைக்கு வேட்டி பிடிக்காது. கதவைச் சாத்தி, அவன் வந்து சாப்பிட நேரம் கொடுத்து, அப்புறம்தான் திறப்பாள். எந்த வருஷமும் தவறியதில்லை. ஊரெல்லாம் புயலில் கூரை பறந்து கிடந்த வருஷத்தில்கூட நாலு செங்கல்லைக் கூட்டி வைத்து சமைத்து இலை போட்டவள்.

இந்த வருஷம் அவள் மீன் வாங்கச் சொல்லவில்லை. இலை அறுக்கச் சொல்லவில்லை. வைரக்கண்ணு காலையிலிருந்து பொறுத்துப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் கேட்டார். பொழச்சு வரப்போறவனுக்கு யாராச்சும் எல போடுவாங்களா என்றாள் அவள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சினிமா என்று சொன்னார். அவள் கோபப்படவில்லை.

"போன படத்துல அவன் செத்ததும் சினிமாதானங்க. அத மட்டும் ஊரு நெசம்னு சொல்லிச்சு. இதயும் சொல்லிட்டுப் போவட்டுமே. வரப்போற நேரத்துல எலய போட்டு அபசகுனம் பண்ணாதீங்க."

வைரக்கண்ணு தோட்டத்துப் பக்கம் போய் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தானே இலை போடலாம் என்றால் அவருக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். உள்ளே அவள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு அரிசி புடைத்தாள். அந்தப் பாட்டைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. செத்த பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டு உயிரோடு இருக்கிற பெண்டாட்டியின் சந்தோஷத்துக்கு அன்று அவர் விட்டுக்கொடுத்தார். தப்போ சரியோ, அப்படித்தான் செய்தார்.

படம் பொங்கலுக்கு வந்தது. தஞ்சாவூரில் முதல் நாள் முதல் காட்சியே பார்த்துவிட்டு இசைவாணி தியேட்டர் வாசலிலிருந்து போன் செய்தாள். அழுதுகொண்டே சொன்னாள். அண்ணன் வந்துட்டாம்மா. கரையேறி நடந்து வந்து, வாசல்ல நின்னு, அம்மா சோறு இருக்கான்னு கேக்குறாம்மா. தங்கம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போட்டாளா, போட்டாளா என்று கேட்டாள். அந்தம்மா சோறு போட்டாங்களாடீ? போட்டாங்களாம். ஈரத்தோடு உட்கார வைத்து ஊட்டியே விட்டாங்களாம்.

ஊர்ப் பிள்ளைகள் வேன் வைத்துத் திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பினார்கள். தங்கம்மாளுக்கு முன் சீட்டு என்று வாசலில் வந்து கூப்பிட்டார்கள். அவள் பட்டுப்புடவையை எடுத்து உதறியும்விட்டாள். பார்த்துப் பார்த்து அன்றைக்குத்தான் அறுவடை மெஷின் அவர்கள் வயல் பக்கம் வந்தது. மெஷின் இன்றைக்குப் போனால் திரும்ப எப்போது வரும் என்று மெஷின்காரனுக்கே தெரியாது. மேற்கே மேகம் வேறு கட்டியிருந்தது. படம் எங்க ஓடிப்போயிடப் போவுது, நெல்லு நனைஞ்சா போச்சு என்று வைரக்கண்ணு சொன்னார். டெல்டாவில் தை மாசத்தில் எந்த ஆம்பிளையும் சொல்லக்கூடிய வார்த்தைதான். அவளும் மறுக்கவில்லை. புடவையை மடித்து வைத்துவிட்டுத் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்தாள்.

அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துக் காவல் கிடக்க வேண்டும், முறை வருகிற வரைக்கும். தூறல் விழுந்தால் மூட வேண்டும், வெயில் வந்தால் திறந்து கிளற வேண்டும். வைரக்கண்ணு அங்கேயே கிடந்தார். சாப்பாடு கொண்டுவருகிறபோதெல்லாம் தங்கம்மாள் கதை கொண்டுவந்தாள். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் அவளிடம் வந்து சொல்லியிருந்தார்கள். துரை வருகிறபோது விடிகிற நேரமாம். தோளில் துண்டு இருக்குமாம். நாய்தான் முதலில் பார்க்குமாம். எல்லாருக்கும் முன்னால் பார்த்தவளைப் போல அவள் சொல்ல, நெல்லைக் கிளறிக்கொண்டே அவர் கேட்டார். பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனால் வந்துவிட்டது.

நெல் எடை போட்டு முடிந்த மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். அவள் பட்டுப்புடவையில் இருந்தாள். தலையில் கதம்பம்கூட வைத்திருந்தாள். மத்தியானக் காட்சி. பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்து தியேட்டரில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது.

படம் நன்றாகத்தான் இருந்தது. வைரக்கண்ணு குறை கண்டுபிடிக்கவே உட்கார்ந்தவர், மூட்டையைத் தோளில் தூக்கினதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய படத்தில் சேறு சேறாகவே இருந்தது, இதில் பயிரெல்லாம் குளித்துவிட்டு வந்தது போலப் பளபளத்தது. ஆற்றை மேலிருந்து காட்டியபோது இவ்வளவு அழகான ஊரிலா இருக்கிறோம் என்று சந்தேகம் வந்தது. மழை பிடித்தது. கரை உடைந்தது. ஜனங்கள் ஓடினார்கள். தங்கம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படி நாலு பேர் நடுவில் பிடித்ததில்லை.

துரை தண்ணீரில் இறங்கினான். கழியைப் பிடித்தான். மூட்டைகள் வந்தன. கடைசி மூட்டையை வைத்தான். கால் சரிந்து உள்ளே போனான்.

"இப்ப ஏறிடுவான் பாருங்க" என்றாள் தங்கம்மாள்.

தண்ணீரைக் காட்டினார்கள். மழையைக் காட்டினார்கள். கரையில் ஜனங்கள் அலறுவதைச் சத்தமில்லாமல் காட்டினார்கள். இந்தா வருவான், கயிறு போடுவாங்க, அதப் புடிச்சுதான் ஏறுவான் என்று அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கயிறு வரவில்லை. விடிந்தது. நாய் வந்தது. நாய்க்குப் பின்னால் நாலு பேர் எதையோ கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய படத்தில் இருந்த அதே மாதிரி அம்மா ஓடிவந்து, அதே மாதிரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"துரை, ஏ துரை" என்று திரை அலறியது.

வைரக்கண்ணு பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. அவர் கையைப் பிடித்திருந்த கை இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை, அப்படியே இருந்தது. பெயர்கள் ஓடின. விளக்குப் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து போனார்கள். அவர் எழுந்தார். அவள் எழவில்லை.

"இன்னும் இருக்குங்க. இருங்க. வந்து சோறு கேப்பான்."

துடைப்பத்தோடு வந்த ஆள் சங்கடப்பட்டுக்கொண்டு நின்றார். வைரக்கண்ணு கேட்டதற்கு அவர்தான் விவரம் சொன்னார். பொங்கல் வாரத்தில் அவன் பிழைக்கிற மாதிரிதான் இருந்ததாம். பழைய படத்தின் கால் தூசி பெறாது, முடிவைக் கெடுத்துவிட்டார்கள் என்று நெட்டிலெல்லாம் காறித் துப்பிவிட்டார்களாம். அதனால் சென்னையிலிருந்தே முடிவை மாற்றி அனுப்பிவிட்டார்களாம். இப்போது எல்லா ஊரிலும் இதுதான் ஓடுகிறதாம்.

நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பிள்ளை போய்விட்டான். வைரக்கண்ணுவுக்கு அப்படித்தான் தோன்றியது. முதல் வாரம் வந்திருந்தால் உயிரோடு பார்த்திருக்கலாம். பஸ்ஸில் அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அவள் ஒரு சொல் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறங்குகிற இடம் வந்ததும் தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டாள்.

வளவனுக்கு அவர் போன் செய்தார். திட்டத்தான் செய்தார். ஆனால் அந்தப் பக்கம் பையன் அழுதுகொண்டிருந்தான். இரண்டு முடிவும் எடுத்து வைக்கச் சொல்லி அப்போதே கட்டாயப்படுத்தினார்களாம். சாகிற முடிவை வேறு ஊரில் வைத்து எடுத்திருக்கிறான், தங்கம்மாளுக்குத் தெரிய வேண்டாம் என்று. அதைப் போடாமல் காப்பாற்றிவிடலாம் என்று நம்பியிருக்கிறான். ஒரிஜினலைத் தொடக் கூடாதுங்கறாங்க ஐயா என்று சொல்லி விக்கினான். எது தம்பி ஒரிஜினல் என்று கேட்க வைரக்கண்ணுவுக்கு வாய் வரை வந்தது. அந்த மழையில் கரையில் நின்று, மேலே வாடா என்று கத்தியவர் அவர். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவருக்கு ரீமேக்தான். ஆனால் அழுகிற பையனிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஒழுங்கா சாப்புடுங்க தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார்.

தங்கம்மாள் சமைத்தாள், பெருக்கினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். பாட்டு நின்றுபோனது. பழைய காலம் மாதிரி இருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கும் கீழே போய்விட்டாள். அவர் பயந்துபோய் மகளைக் கூப்பிட்டார்.

இசைவாணி சனிக்கிழமை வந்தாள், கையில் ஒரு வழியோடு. முதல் வாரத்தில் யாரோ தியேட்டருக்குள் உட்கார்ந்து செல்போனில் கள்ளத்தனமாகப் பிடித்த கடைசிக் காட்சி எங்கிருந்தோ அவளுக்குக் கிடைத்திருந்தது. தெளிவாக இருக்காது, முன்னால் இருக்கிறவன் தலை மறைக்கும், ஆனால் அண்ணன் வருவது தெரியும் என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக் கொடுக்கிற டீச்சர்தான். அம்மாவுக்காகக் கொஞ்சம் திருடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

தங்கம்மாளை நடுவீட்டில் சுவரோரம் உட்கார வைத்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். வைரக்கண்ணு பின்னால் நின்று, குனிந்து பார்த்தார்.

மங்கலாகத்தான் இருந்தது. தண்ணீரில் துரை மிதந்து வந்து ஒரு தென்னைமரத்தைக் கட்டிக்கொண்டான். கயிறு விழுந்தது. இதில் கடைசி மூட்டையை அவன் இன்னும் வைக்கவில்லை, அது கரையிலேயே கிடந்தது. கயிற்றைப் பிடித்து அவன் ஏறினான். பின்னால் உடைப்பு வாயைப் பிளந்துகொண்டு பெரிசாக, வயலெல்லாம் வெள்ளமாகப் போனது. போனால் போகட்டும், உயிர் இருந்தால் மறுபடி நடலாம் என்று யாரோ பெரியவர் சொன்னார். தியேட்டரில் கைதட்டல் கேட்டது. அப்புறம் விடியற்காலை. நாய். தோளில் துண்டு. வாசலில் வந்து நின்று, அம்மா சோறு இருக்கா என்று அவன் கேட்டான்.

இசைவாணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வைரக்கண்ணுவும் பார்த்தார். ஒரு சிரிப்பு வந்துவிட்டால் போதும் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

தங்கம்மாள் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சோறு போட்டார்கள், அவன் ஒரு கவளம் வாங்கினான். அவள் கையை நீட்டி, போனைக் கவிழ்த்துவிட்டாள்.

"இவன் யாரோடீ" என்றாள்.

அம்மா, அண்ணன்தான், நல்லாப் பாரு என்று இசைவாணி தொடங்கினாள். தங்கம்மாள் தலையை ஆட்டினாள்.

"உடைப்ப அடைக்காம எம் புள்ள கரையேற மாட்டான். ஊரு முழுவ விட்டுட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்க மாட்டான்."

அவள் அன்றைக்குக் கரையில் இல்லை. வைரக்கண்ணு இருந்தார். இத வெச்சிட்டு வாரேம்பா என்று அவன் சொன்னதைக் கேட்டவர் அவர். இத்தனை வருஷம் ஆகியும், கூப்பிட்டதும் அவன் மேலே ஏறியிருக்கக் கூடாதா என்று ஏங்காத நாளில்லை அவருக்கு. ஏறியிருந்தால் அவன் துரையாக இருந்திருக்க மாட்டான் என்பது, மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடப்படாத அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

"தியேட்டர்ல செத்தானே, அவந்தான் எம் புள்ள" என்றாள். அப்புறம் ஏதோ உறைத்தது போல நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கண் இரண்டும் அகன்றுபோயிருந்தன. "ஏங்க, கார்த்திகயில நான் எல போடலயே. யாரோ ஒருத்தன் வருவான்னு, எம் புள்ளய பட்டினி போட்டுட்டனே."

அப்போதுதான் அழுதாள். அந்த நடிகைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாத அழுகை அது. சத்தமே வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. இசைவாணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இல்லம்மா, இல்லம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திதி போய் மாசக்கணக்கு ஆகிவிட்டது, போன திதிக்கு இனி இலை போட முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

வைரக்கண்ணு பையை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். அந்த நேரத்தில் எங்கே கெளுத்தி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கேயாவது கிடைக்கும் என்று போனார்.